தண்ணீர் கேட்காத மாமியார் நாக்கு

தோட்டத்து லயத்தை விட்டு டவுனுக்குக் குடிபோகும் வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? லோரியில் கட்டில் ஏறும், அலமாரி ஏறும், தையல் மெஷின் ஏறும், பழைய சேலையில் சுற்றிய சாமிப் படங்கள் ஏறும். லோரிக்காரர் கயிற்றை இழுத்துக் கட்டி முடித்த பிறகுதான் வீட்டுக்கார அம்மாளுக்கு ஏதோ நினைவு வரும். "கொஞ்சம் பொறுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் ஓடுவார். திரும்பி வரும்போது கையில் ஒரு பூச்சட்டியோ, துருப்பிடித்த பால்மாவு டின்னோ இருக்கும். அதில் வாள் வாளாக நிமிர்ந்து நிற்கும் நாலைந்து பச்சை இலைகள்.

கறிவேப்பிலை மரத்தைப் பெயர்த்துக்கொண்டு வர முடியாது. முருங்கையையும் முடியாது. மகள் கல்யாணத்துக்கு இலை பறித்த மருதாணியையும் அப்படியே விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். மடியில் வைத்துக்கொண்டு வரக்கூடியது பாம்புச்செடி ஒன்றுதான்.

லாபு, சிலியாவ், லிங்கி, ரந்தாவ், பகாவ் என்று நம் நெகிரி செம்பிலானில் தோட்டங்கள் ஒன்றா இரண்டா? பால்மரம் சாய்ந்து செம்பனை வந்த தோட்டங்களும் உண்டு. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதியாகிவிட்ட தோட்டங்களும் உண்டு. அங்கிருந்து சிரம்பானுக்கும் செனாவாங்குக்கும் நீலாய்க்கும் வந்த குடும்பங்களின் ஹால் மூலையில், டிவி பெட்டிக்குப் பக்கத்தில், இந்தச் செடி நிற்பதைக் காணலாம். ஆனால் பல வீடுகளில் அது நெடுநாள் நிற்பதில்லை. ஒரு நாள் இலை சாயும். மறுநாள் அடியில் கொழகொழவென்று ஆகும். அதற்கடுத்த வாரம் குப்பைத்தொட்டிக்குப் போகும்.

"தோட்டத்துல திரும்பிக்கூடப் பார்க்காம இருபது வருஷம் நின்னுச்சு. இங்க வந்து புள்ள மாதிரி பார்த்தேன், செத்துப்போச்சு" என்று அங்கலாய்க்கும் தாய்மார்கள் உண்டு. அவர்கள் சொல்லும் அந்த இரண்டு வாக்கியத்திலேயே காரணமும் இருக்கிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

ஜின்னின் நாக்கும் புலியின் வாலும்

இலையில் குறுக்கே ஓடும் வரிகளைப் பார்த்து நாம் பாம்புச்செடி என்கிறோம். மலாய்க்காரர்கள் 'லிடா ஜின்' என்பார்கள், ஜின்னின் நாக்கு. சீனர் கண்ணுக்கு அது புலியின் வால். நம் பால்மரம் பிறந்த பிரேசில் நாட்டிலோ அது செயிண்ட் ஜார்ஜின் வாள். கெட்டது அண்டாமல் இருக்க வாசலில் வைப்பார்கள். இந்தோனேசியரும் ஆங்கிலேயரும் சொல்லிவைத்தாற்போல் இதற்கு 'மாமியார் நாக்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீளம், கூர்மை, வாடவே வாடாது என்ற மூன்று பொருத்தமும் பார்த்து எந்த மருமகள் வைத்த பெயரோ! மாமியார்மார்கள் கோபிக்க வேண்டாம். கட்டுரையின் முடிவில் செடியைக் காப்பாற்றும் பொறுப்பு உங்களிடமே வரப்போகிறது.

இதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. நைஜீரியாவிலிருந்து கொங்கோ வரை பரந்த வெப்ப நாடுகள். நம் செம்பனையின் பூர்வீகமும் அந்தப் பக்கம்தான். 1917-ஆம் ஆண்டில் கோல சிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று நடப்பட்ட செம்பனை, இன்று நம் சன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கிறது. வெளியே நிற்பவரும் ஹாலில் நிற்பவரும் ஒரே ஊர்க்காரர்கள் என்பது வேடிக்கைதான்.

இந்தச் செடிக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் டேவிட் பிரெய்ன் என்ற தாவரவியல் அறிஞர். கல்கத்தா தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்தபோது, 1903-இல் வங்காளத்துத் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய நூலில் 'சான்சிவேரியா டிரைஃபாஸியாட்டா' என்று பதிவு செய்தார். நூறு ஆண்டுக்கு மேல் அந்தப் பெயரே நிலைத்தது. மரபணுவை ஆராய்ந்து பார்த்த அறிஞர்கள் இது டிரசீனா குடும்பத்துப் பிள்ளை என்று கண்டதால், 2017 முதல் 'டிரசீனா டிரைஃபாஸியாட்டா' ஆகிவிட்டது. பழைய பெயரைச் சொல்லிக் கேட்டாலும் நர்சரிக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்த பாட்டி தாத்தாக்களுக்கு இதன் சொந்தக்காரச் செடி ஒன்று தெரிந்திருக்கும். அதற்கு மருள் என்று பெயர். காய்ந்த கரட்டு நிலத்திலும் புதர் ஓரத்திலும் வளரும். அதன் இலையிலிருந்து எடுக்கும் நார் மிக உறுதியானது. வடமொழியில் மூர்வா என்பார்கள். வில்லின் நாணுக்கு மௌர்வி என்ற பெயர் வந்ததே அதனால்தான். ஊரில் சிலர் மருள் இலையை வாட்டிச் சாறு பிழிந்து காதுவலிக்கு விடுவதுண்டு. அந்தப் பழக்கத்தை இந்தச் செடியில் செய்து பார்க்க வேண்டாம். பிள்ளைக்குக் காது வலித்தால் கிளினிக்குக்குத்தான் போகவேண்டும்.

அன்பே எமன்

பாம்புச்செடி சாவதற்கு முதல் காரணம் பூச்சியல்ல, வெயிலல்ல, கண்ணேறும் அல்ல. தண்ணீர்தான்.

மழை பெய்யாத மாதங்களையும் தாங்கி வாழப் பழகிய செடி இது. தடித்த இலையிலும் மண்ணுக்கடியில் படரும் கிழங்கிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மற்றச் செடிகளில் பெரும்பாலானவை பகலில் இலையின் நுண்துளைகளைத் திறந்து மூச்சு விடும். அப்போது உள்ளிருக்கும் ஈரமும் ஆவியாகப் போகும். இதுவோ பகலில் துளைகளை மூடிக்கொண்டு, வெயில் தணிந்த பிறகு இரவில் திறக்கும். இவ்வளவு சிக்கனமாகக் குடித்தனம் நடத்தும் செடிக்குத் தினமும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? மண்ணில் காற்றுப் புக இடமில்லாமல் வேர் மூச்சுத் திணறி அழுகும்.

'தோட்டத்தில் மழை கொட்டியதே, அப்போது அழுகவில்லையே?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே செடி திறந்த நிலத்தில் நின்றது. மழை சரிவில் ஓடிவிடும். மறுநாள் வெயிலும் காற்றும் மேல்மண்ணை உலர்த்திவிடும். இங்கே நான்கு சுவருக்குள் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. நம் நாட்டுக் காற்றிலோ எப்போதும் ஈரம். திங்கட்கிழமை ஊற்றிய தண்ணீர் அடுத்த திங்கள் வரை சட்டிக்குள்ளேயே இருக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட புத்தகங்களைப் படித்துவிட்டு 'வாரம் ஒரு முறை' என்று கணக்குப் போடுவோரும் இதனால்தான் ஏமாறுகிறார்கள். இதே நெகிரி செம்பிலானிலும் ஊருக்கு ஊர் மாறும். ஜெலுபுவும் கோல பிலாவும் தீபகற்பத்திலேயே மழை குறைந்த பக்கங்கள். அங்குள்ளவர்கள் ஊற்றும் கணக்கு போர்ட்டிக்சன் கடற்கரைக்காரர்களுக்குச் சரிவராது.

ஆகவே நாள்காட்டியை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். சுட்டுவிரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அப்படியே விட்டுவிடுங்கள். நன்றாகக் காய்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியே வெளிவரும் அளவு ஒரேயடியாக ஊற்றுங்கள். பிறகு மறுபடி காயும்வரை தொட வேண்டாம். வெளிச்சமுள்ள ஹாலில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போதும். இருட்டு மூலையில், அக்டோபர், நவம்பர் மாத அடைமழைக் காலத்தில், மாதம் ஒரு தடவைகூட அதிகம்தான். ஊற்றும்போது இலைகளின் நடுக்குருத்தில் ஊற்றாமல் ஓரமாக மண்ணில் ஊற்றவேண்டும்.

பால்வெட்டு வேலை பார்த்தவர்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு. வாளியைக் கையில் தூக்கியதுமே எத்தனை பால் இருக்கிறது என்று சொன்ன கை அல்லவா அது? சட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் தண்ணீர் இருக்கிறது. லேசாகிவிட்டால் ஊற்றும் நாள் வந்துவிட்டது.

இன்னொரு சங்கதி. கூட்டுக் குடும்பத்தில் செடி சாவதற்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. காலையில் மாமியார் எழுந்து ஊற்றிவிடுவார். மருமகள் ஃபேக்டரி வேலை முடிந்து வந்து சாயங்காலம் ஊற்றுவாள். "நீங்க ஊத்தலையேன்னு நான் ஊத்தினேன் அத்தை." "நீ மறந்திருப்பேன்னு நான் ஊத்தினேன்மா." இரண்டு பேருக்குமே நல்ல மனசு; செடிக்குத்தான் வெள்ளம். வீட்டில் ஒருவர் மட்டும் ஊற்றுவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அரிசி களைந்த தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், தேத்தண்ணிச் சக்கை என்று சமையலறையில் மிஞ்சுவதையெல்லாம் வாசலில் இருந்த செடிகளுக்குக் கொட்டிப் பழகியவர்கள் நாம். வெளியே அது உரமாயிற்று. ஹாலுக்குள் கொட்டினால் நாற்றம் எடுக்கும், எறும்பு வரும், மண்ணிலிருந்து சின்னச் சின்னக் கறுப்பு ஈ கிளம்பும். என் முதல் செடியை நான் கொன்றதே அரிசி களைந்த தண்ணீரால்தான். உரம் வேண்டுமானால், கடையில் கிடைக்கும் நீல நிற என்பிகே குருணையில் ஐந்தாறு மணி, மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை, சட்டி ஓரமாகப் போடுங்கள். செம்பனைக்குப் போடும் கைக்கணக்கு இதற்கு ஆகாது.

சட்டியும் மண்ணும்

சுட்ட மண்சட்டியே சிறந்தது. அதன் பக்கங்கள் ஈரத்தைக் கசியவிடும். அடியில் துளை கட்டாயம் இருக்கவேண்டும். வேர் அளவுக்குச் சற்றே பெரிய சட்டி போதும், நெருக்கடியை இந்தச் செடி பொருட்படுத்தாது. கிழங்கு பெருத்துப் பிளாஸ்டிக் சட்டியையே பிதுக்கி வெடிக்க வைத்துவிடும் பலசாலி இது.

தோட்டத்துச் செம்மண்ணை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். ஈரத்தில் களியாகும், காய்ந்தால் கல்லாகும். மண் ஒரு பங்கு, கரடுமுரடான ஆற்று மணல் ஒரு பங்கு, நர்சரியில் மூட்டையாக விற்கும் கரியாக்கிய உமியோ நறுக்கிய தேங்காய் மட்டையோ ஒரு பங்கு என்று கலந்தால் தண்ணீர் தங்காமல் இறங்கிவிடும்.

ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். களைக்கொல்லி, பூச்சிமருந்து வந்த காலித் தோம்பை வெட்டிப் பூச்சட்டியாக்கும் வழக்கம் நம்மிடையே இருந்தது. அதைச் செய்யாதீர்கள். எத்தனை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது முழுதாகப் போகாது. பாரகுவாட் மருந்துக்கு நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை வந்துவிட்டது. ஆனால் ஸ்டோர் மூலையிலும் பழைய கொட்டகையிலும் கிடக்கும் தோம்பு எதுவென்று யார் கண்டது? தவழும் பிள்ளை கைவைத்து வாயில் வைக்கும் பொருள் அது. ஓட்டை விழுந்த குண்டானோ மைலோ டின்னோ அடியில் நாலு துளை போட்டால் போதாதா?

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. சன்னலோரம், காலை வெயில் படும் இடம் என்றால் உத்தமம். இருட்டிலும் சாகாது, ஆனால் வளராமல் நிற்கும். ஓரத்து மஞ்சள் கோடு மங்கிப்போகும். இருட்டிலிருந்து எடுத்து நேரே உச்சி வெயிலில் வைத்தால் இலை வெந்து வெளுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். இலையில் தூசி படிந்தால் ஈரத்துணியால் துடைக்கவும். பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் தடவுகிறார்களே, அது வேண்டாம். நுண்துளை அடைபட்டு, தூசியும் அப்பிக்கொள்ளும். பஞ்சு போல வெள்ளைப் பூச்சி கண்டால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுத்தால் போயிற்று.

தட்டில் நிற்கும் தண்ணீர்

செடி செத்தால் இன்னொன்று வாங்கலாம். இனிச் சொல்லப்போவது அப்படிப்பட்டதல்ல.

தரை அழுக்காகாமல் இருக்கச் சட்டிக்கடியில் தட்டு வைக்கிறோம். ஊற்றிய தண்ணீர் அதில் வழிந்து நிற்கும். டிங்கி காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட நல்ல பிரசவ அறை கிடையாது. சாக்கடை அதற்கு வேண்டாம்; வீட்டுக்குள் நிழலில் தேங்கிய தெளிந்த தண்ணீர் இரண்டு கரண்டி இருந்தால் போதும். நம் நாட்டு வெப்பத்தில் முட்டை ஏழிலிருந்து பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். 2019-இல் மட்டும் மலேசியாவில் 1,30,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் மாண்டார்கள். 1975-ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி, வீட்டில் கொசுப்புழு இருந்தால் சுகாதார அதிகாரிகள் அபராதம் விதிக்கலாம். ஆனால் அபராதத்தையா பெரிதாக எண்ணுவது? காய்ச்சலில் துவளும் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் மணிக்கு மணி ரத்தம் எடுப்பதைப் பார்த்த தாய்க்கு நான் எதுவும் சொல்லவேண்டியதில்லை.

தட்டில் உள்ளதைக் கொட்டினால் மட்டும் போதாது என்பதைப் பலர் அறியார். ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான ஓரத்தில் ஒட்டி வைக்கும். தட்டு காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாமல் இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே வாரம் ஒரு முறை தட்டை எடுத்து, தேங்காய் நாரோ பிரஷோ கொண்டு ஓரத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். அதைவிட நல்லது தட்டே வைக்காதது. ஊற்றவேண்டிய நாளில் சட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய் ஊற்றி, நன்றாக வடிந்த பிறகு இடத்தில் கொண்டுவந்து வையுங்கள். மாதத்துக்கு இரண்டு தடவைதானே!

குட்டையாக, ரோஜாப்பூ விரிந்தாற்போல் அடுக்கடுக்காக இலை வைக்கும் ஒரு வகை உண்டு. 1939-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து நர்சரி ஒன்றில் தானாகத் தோன்றிய இந்தக் குள்ள வகைக்குக் காப்புரிமை பெற்றவர் பெயரால் 'ஹானி' என்று பெயர். மேசைமேல் வைக்க அழகானதுதான். ஆனால் அதன் நடுக்கிண்ணத்தில் தண்ணீர் தேங்கும். அங்கே கொசுவும் முட்டையிடும், குருத்தும் அழுகும். வராந்தாவில் மழைச்சாரல் படும் இடத்தில் அதை வைக்காதீர்கள். அழகுக்கென்று கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் நிரப்பி இலையைச் செருகி வைப்பதும் இப்போது பரவியிருக்கிறது. அந்தத் தண்ணீரையும் ஐந்து நாளுக்கு ஒரு தடவை மாற்றி, குப்பியைத் தேய்த்துக் கழுவியாகவேண்டும்.

மரம் வெட்டாத நாளில் மங்கைக் கவிழ்த்து வைத்த கைகள் நம் கைகள். அது ஏன் என்பதற்குக் கேரளத்தைப் பார்த்தால் போதும். 2007-இல் அங்கே சிக்குன்குனியா காய்ச்சல் ரப்பர் விளையும் மாவட்டங்களை வாட்டியபோது, மரத்தில் மாட்டியிருந்த மங்குகளில் தேங்கிய மழைநீரில்தான் ஏடிஸ் இனக் கொசு பெருகியது என்று கண்டார்கள். வீட்டுக்குள் இருக்கும் பூச்சட்டித் தட்டும் ஒரு மங்குதான்.

பாம்பை விரட்டுமா?

'வீட்டைச் சுற்றிப் பாம்புச்செடி நட்டால் பாம்பு வராது' என்பது தோட்டங்களில் காலங்காலமாக இருந்துவரும் நம்பிக்கை. வருத்தத்தோடு சொல்கிறேன், அதற்கு ஆதாரமில்லை. பாம்பு வருவது எலிக்காகவும் தவளைக்காகவும். செம்பனைப் பழத்துக்கு எலி வரும். எலிக்கு நாகம் வரும், மலைப்பாம்பும் வரும். குளியலறைச் சுவரோரம் பாம்புச்செடி அடர்ந்து புதராகிவிட்டால் எலிக்கும் தவளைக்கும் அதுவே நல்ல மறைவிடம். லயத்தில் இன்னும் குடியிருப்பவர்கள் அந்தப் புதரைக் கலைத்துப் பிரித்துச் சட்டிகளில் வைத்தால் வீட்டைச் சுற்றிலும் வெளிச்சமாக இருக்கும். பாம்பு கடித்துவிட்டால் கட்டுப்போடுவதும் கீறிவிடுவதும் ஆபத்து. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 999-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வழி.

அடுத்தது காற்றுச் சமாச்சாரம். 'நாசாவே சொல்லிவிட்டது, இந்தச் செடி வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும்' என்று பசார் மாலாம் கடைக்காரர் சொல்வார். பாதி உண்மை. 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக வோல்வர்ட்டன் என்ற விஞ்ஞானி ஆராய்ந்தது மெய்தான். அதில் மாமியார் நாக்கும் இருந்தது. ஆனால் அது காற்றுப் புகாமல் அடைத்த சிறு பெட்டிக்குள் செய்த சோதனை. 2019-இல் பிலடெல்பியா நகரத்து டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய ஆராய்ச்சிகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். சாதாரணமாகக் காற்றோடும் கட்டடத்துக்கு ஈடாகச் செடி வேலை செய்யவேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடி வேண்டும் என்றார்கள். நம் 650 சதுர அடி ஃபிளாட்டுக்குக் குறைந்தது 600 சட்டி! பிறகு நாம் எங்கே படுப்பது?

1997, 2015, 2019 ஆண்டுகளில் புகைமூட்டம் கவிந்தபோது நெஞ்சுக்கட்டு உள்ள பிள்ளைகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட நாளில் செடியை நம்பி மருந்தையும் முகக்கவசத்தையும் விட்டுவிடக் கூடாது. மற்ற நாளில் கொசுவர்த்திப் புகையும் தாளிப்புப் புகையும் போகச் சன்னலைத் திறப்பதே மேல்.

இரவில் பிராணவாயு தரும் என்று படுக்கையறையில் வைப்பாரும் உண்டு. இரவில் நுண்துளையைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுப்பது நிஜம். ஆனால் பிராணவாயு உண்டாவது சூரிய வெளிச்சத்தில்தான். படுக்கையறையில் வைப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை, பெரிய லாபமும் இல்லை.

கெடுதல் வேறு ஒன்றில் இருக்கிறது. இலையில் சபோனின் என்ற கசப்புச் சத்து உண்டு. பிள்ளைகள் கடித்து மென்றால் வாய் எரியும், குமட்டும். நாய், பூனை தின்றாலும் வாந்தி எடுக்கும். உருண்டு நீண்ட ஈட்டி போன்ற வகையின் நுனி, நடைபழகும் குழந்தையின் கண்மட்டத்தில் நிற்கும். அதை உயரமான இடத்தில் வையுங்கள்.

அழுகியதைக் காப்பாற்றலாம்

இலை அடி மெத்தென்று பழுப்பாகி நாற்றம் எடுத்தாலும் உடனே வீசிவிட வேண்டாம். செடியைச் சட்டியிலிருந்து பெயர்த்து எடுங்கள். மண்ணை உதறிவிட்டு, கூரான சுத்தமான கத்தியால் அழுகிய வேரையும் கிழங்கையும் நல்ல பகுதி தெரியும்வரை வெட்டித் தள்ளுங்கள். மிஞ்சியதை நிழலில் இரண்டு மூன்று நாள் காயவையுங்கள். பிறகு புதிய காய்ந்த கலவையில் நடுங்கள். பழைய மண் வேண்டாம்.

கிழங்கு முழுதும் போய் இலை மட்டும் நன்றாக இருந்தால் அதிலும் வழியுண்டு. இலையை மூன்று மூன்று அங்குலத் துண்டாக நறுக்கி, வெட்டுவாய் காய்ந்த பிறகு, எந்தப் பக்கம் அடியோ அந்தப் பக்கத்தை மண்ணில் செருகவேண்டும். தலைகீழாக நட்டால் வேர் வராது. நறுக்கும்போதே அடிப்பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வேர்விடச் சில வாரம், பக்கக் கன்று தலைகாட்டச் சில மாதம் ஆகும். பொறுமை வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம். ஓரத்தில் மஞ்சள் கரை போட்ட வகையை இலைத்துண்டில் வளர்த்தால், பிறக்கும் கன்றுக்கு மஞ்சள் கரை இருக்காது. வெறும் பச்சையாகவே வரும். 'நர்சரிக்காரன் ஏமாற்றிவிட்டான்' என்று சண்டைக்குப் போகாதீர்கள். அந்த வகையின் இயல்பே அப்படி. அம்மாவைப்போலவே பிள்ளை வேண்டுமானால் கிழங்கோடு சேர்த்துப் பிரித்து நடவேண்டும். ஒரு பங்கில் இரண்டு மூன்று இலையும் கொஞ்சம் வேரும் இருந்தால் போதும்.

இப்படிப் பிரிப்பதற்கு இன்னொரு காரணமும் சொல்வேன். ஒரு தோட்டத்தில் இருந்த நாற்பது ஐம்பது குடும்பமும் இன்று நாலா பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. சித்தி வீடு தம்பினில், பெரியப்பா வீடு மந்தினில், சிநேகிதி நீலாயில். லயத்து வாசலில் நின்ற அதே செடியின் ஒரு பங்கு ஒவ்வொருவர் வீட்டிலும் இருந்துவிட்டால், ஒரு வீட்டில் அழுகிப்போனாலும் இன்னொரு வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தோட்டம் போன பிறகு அந்த மண்ணில் வளர்ந்த உயிர் வேறு எங்கே கிடைக்கும்? தைப்பூசத்துக்கோ கல்யாணத்துக்கோ கூடும்போது ஆளுக்கொரு கன்று பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுங்கள். மண் இல்லாமலே இரண்டு வாரம் தாங்கும்.

வேர் நெருங்கி, வெளிச்சமும் சரியாக அமைந்த செடி சில வருடத்துக்கு ஒரு முறை பூக்கும். நீண்ட தண்டில் வெளிர்ப் பச்சையும் வெள்ளையும் கலந்த சிறு பூக்கள். மாலையில் விரிந்து இரவெல்லாம் மணக்கும். தண்டில் தேன் துளி துளியாக ஒட்டும். அதிர்ஷ்டம் வரப்போகிறது என்று சிலர் நாலு எண் எழுதப் போவதும் உண்டு. அது அவரவர் காசு.

கடைசியாக மாமியாரிடம் வருவோம். புதிதாகப் பிரித்து நட்ட கன்றுக்கு ஒரு வாரம், பத்து நாள் வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது, வெட்டுக்காயம் ஆறவேண்டும். பேரப்பிள்ளைகள் விளையாட்டாக ஊற்றப் பார்ப்பார்கள், மருமகள் பரிதாபப்பட்டு ஊற்றப் பார்ப்பாள். வீட்டில் பகல் முழுதும் இருப்பவர் நீங்கள்தான். குவளையை எடுத்து உங்கள் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள்.